ஒன்பதை எறியச் சொல்லும் அட்டை

வேலணை கிழக்கு
22.01.2024

அன்பின் அண்ணைக்கு பாமா எழுதிக்கொள்வது.

நானும் இவரும் சுகமாக இருக்கிறோம். மழைக்கு எனக்கு முழங்கால் பிடிக்கிறது, மற்றும்படி குறையில்லை. உங்கள் சலரோகம் எப்படி? மச்சாள் சோற்றைக் குறைத்துத் தருகிறாவோ?

இந்தக் காலத்தில் கனடாவுக்குக் கடிதமோ என்று தபால்கந்தோரில் கேட்டுச் சிரித்தார்கள். வேறென்ன செய்ய? போன் எடுத்தால் நீங்கள் "ஓம், ஓம்" என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். மிச்சத்தை மச்சாள் கதைத்து முடித்துவிடுகிறா. ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தால், நான் அண்ணையோடு கதைக்கிறேனா, சங்கக் கூட்டத்தில் பேசுகிறேனா?

பொங்கலுக்கு நிருபன் கனடாவிலிருந்து வந்திருந்தான். எங்கள் பக்கத்து வளவுப் பெடியன்தான், உங்கள் வீட்டுக்கும் இரண்டு மூன்று தரம் வந்தவனாம். சொக்கலேற் தந்தான், கூடவே ஒரு கதையும் தந்தான். "அன்ரி, வாகீசன் மாமாவும் மாமியும் ஒட்டிக்கொண்டிருந்து சீட்டு விளையாடினம். மாமி ஒரு சின்ன அட்டையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் குடுக்கிறா" என்றான். நான் நம்பவில்லை. சறோ மச்சாளுக்குச் சீட்டைக் கையில் பிடிக்கத் தெரியாதே. கலியாணம் முடித்து வந்த புதிதில் எண்ணிப் போடச் சொன்னதற்கு அரைவாசியைக் குசினி நிலத்தில் கொட்டினவ.

சீட்டில் முந்நூற்றி நாலு ஆட்டம் விளையாட உங்களுக்கு முன்னால் இருந்தவள் நான்தான். நான்கு பேரில் எதிரும் புதிருமாக இருப்பவர்கள்தானே கூட்டாளிகள். பதின்மூன்று வயதிலிருந்து நீங்கள் கனடாவுக்குப் போகும்வரை அந்த இடத்தில் வேறு ஆரும் இருந்ததில்லை. இப்போது ஆர் இருக்கிறார்கள் என்று நீங்களே உங்கள் கையால் எழுதுங்கோ. அந்த அட்டை என்ன அட்டை என்றும் எழுதுங்கோ.

நயினை அம்மன் துணை.
உங்கள் தங்கை
பாமா


ஸ்காபரோ
18.02.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே பனி முழங்கால் அளவு. உங்களுக்கும் முழங்கால் வருத்தம் என்று அறிந்தேன், வேப்பெண்ணெய் பூசிப் பாருங்கோ. உங்கள் அண்ணைக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. மணிக்கட்டு நோவென்றபடியால் அவருக்காக நான் எழுதுகிறேன், குறைநினைக்க வேண்டாம்.

நிருபன் பார்த்தது வீடியோ போக்கர். முதியோர் சங்கத்து பஸ்ஸில் ஒருமுறை கசினோவுக்குப் போனபோது பார்த்துப் பழகினது. இப்போது வீட்டில் ரப்லெற் திரையில் விளையாடுகிறார், காசு இல்லை. மெசின் ஐந்து சீட்டுத் தரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்தால், எறிந்த அளவுக்குப் புதிதாகத் தரும். சோடி, ஒரே இனம், வரிசை என்று சேர்ந்தால் வெற்றி. அவ்வளவுதான். கூட்டாளி இல்லை மச்சாள். அவரும் மெசினும்தான்.

அட்டையை வாங்கித் தந்தது சங்கத்துக்கு எங்களோடு வரும் அன்ரனிதாஸ். ஸ்ட்ரற்றெஜி காட் என்று சொல்கிறார்கள். எதை வைக்க வேண்டும் என்று மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். கையில் உள்ள சீட்டை மேலிருந்து ஒவ்வொரு வரியோடும் ஒப்பிட்டு வந்து, முதலில் பொருந்துகிற வரி சொன்னபடி செய்ய வேண்டும். யோசிக்கவும் வேண்டாம், முன்னம் என்ன விழுந்தது என்று நினைவில் வைத்திருக்கவும் வேண்டாம். ஒரு பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஒரு பகிடி. உங்கள் முந்நூற்றி நாலில் ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பதாமே. உங்கள் அண்ணை ஜாக்கையும் ஒன்பதையும் கண்டால் விடவே மாட்டார். அட்டை ஒன்பதை எறியச் சொல்கிறது. நான் சொன்னால் கோபம் வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.
அன்புடன் மச்சாள்
சறோஜினிதேவி


வேலணை கிழக்கு
12.03.2024

மச்சாளுக்கு,

சுகம். வேப்பெண்ணெய் பூசினேன், மணம்தான் மிச்சம். மணிக்கட்டு நோவுக்கு அண்ணைக்கு ஒத்தடம் கொடுங்கோ.

நீங்கள் அனுப்பின அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டு முழுவதையும் கலைத்துப் போட்டு நான்கு நாள் விளையாடிப் பார்த்தேன். இவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். இவருக்கு ஹார்ட்டும் டயமனும் ஒன்று, இரண்டும் சிவப்பு. இரண்டு மூன்று கைக்கு மேல் தாங்க ஏலாமல் பனங்காணி பார்க்கப் போய்விட்டார்.

மூன்றில் ஒரு சோடியும் தனி இராசாவும் வந்தால் இராசாவை எறியச் சொல்கிறது உங்கள் அட்டை. மூன்று எங்கள் விளையாட்டில் கட்டுக்குள்ளேயே வராத சீட்டு. இதைக் கையில் வைத்துக்கொண்டு இராசாவை எறிகிறதோ என்று என் மனம்போல இருபது கை விளையாடினேன். பிறகு அட்டை சொன்னபடி இருபது கை. உண்மையை மறைக்கவில்லை, அட்டைதான் கூட வென்றது. அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆனால் மச்சாள், எங்கள் அண்ணைக்கு அட்டை எதற்கு? முப்பத்திரண்டு சீட்டில் எது விழுந்தது, எது ஆரிடம் இருக்கிறது என்று கடைசிச் சுற்றுக்கு முன்னமே விரல் நீட்டிச் சொல்லுகிற மனிசன். கலியாணவீடோ செத்தவீடோ, எங்கள் இரண்டு பேரையும் கண்டால் கதிர்காமு மாமா கதிரையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு நீங்கள் பக்கத்தில் இருந்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறீர்கள். முப்பத்தைந்து வருசமாக அவருடைய சாப்பாடு, சட்டை, மருந்து எல்லாம் உங்கள் கையில். சீட்டும் வேண்டுமோ?

எனக்குப் பொறாமை என்று நினைப்பீர்கள். ஓம், பொறாமைதான்.

மணிக்கட்டு நொந்தாலும் பரவாயில்லை, இரண்டு வரி அண்ணையின் கையெழுத்தில் வர வேண்டும்.

பாமா


ஸ்காபரோ
05.04.2024

பாமாவுக்கு அண்ணை எழுதுவது.

சுகமா? நான் சுகம். இங்கே குளிர். நீ சுகமா?

மெசின் நல்ல மெசின். ஆனால் அதுக்கு ஜாக்கின் பெறுமதி தெரியாது. ஒன்பதும் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஐயா யாழ்ப்பாணத்தால் பஸ்ஸில் வந்திட்டாரோ? பாலத்தடியில் மழையென்றால் குடையோடு போய் நில். வந்ததும் எனக்குச் சொல்லு.

நீ சுகமா?

அண்ணை


வேலணை கிழக்கு
28.04.2024

மச்சாள்,

சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனமில்லை, மன்னியுங்கோ.

ஐயா செத்து இருபத்தொரு வருசம். கனடாவிலிருந்து ஓடிவந்து கொள்ளி வைத்தவர் அண்ணைதான். அவர் என்னைக் குடை பிடித்துக்கொண்டு ஐயாவைக் கூட்டிவரச் சொல்கிறார். கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். இவரும் வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

எப்போது தொடக்கம் இப்படி? டொக்ரரிடம் காட்டினீர்களோ? மணிக்கட்டு நோவென்று எனக்கு எழுதினீர்களே, என்ன நினைத்து எழுதினீர்கள்? நான் அவருடைய தங்கச்சி. ஊரில் இருக்கிறவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தீர்களோ? அவருடைய நல்ல காலம் முழுவதையும் நீங்கள் வைத்திருந்தீர்கள், நான் ஒன்றும் கேட்கவில்லை. வருத்தத்தையுமா தனியே வைத்திருப்பீர்கள்? என் பங்கைத் தாருங்கோ.

உடனே எழுதுங்கோ.

பாமா


ஸ்காபரோ
20.05.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் ஏசினது சரி. நான் சுகம், அவருடைய உடம்பும் சுகம். உடம்பில் ஒரு குறையும் இல்லை.

டொக்ரர் சொல்லி இரண்டு வருசம் ஆகிறது. மறதி நோய், மாற்ற ஏலாது, மெதுவாகப் போகப் பார்க்கலாம் என்றார். விருப்பமான வேலைகளை விடாமல் செய்யச் சொன்னார். அவருக்கு விருப்பம் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரனிதாஸ் வீட்டில் முந்நூற்றி நாலு. ஒருநாள் வெட்டுகிற இனத்தை, துரும்பை, அவர்தான் தெரிந்து சீட்டைக் கவிழ்த்து வைத்தார். இரண்டாவது சுற்றில் "என்ன துரும்பு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் பகிடி என்று சிரித்தார்கள். அவர் எழும்பிப் போய் எங்கள் காருக்குள் இருந்து அழுதார். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

அதனால்தான் வீடியோ போக்கர். ஐந்து சீட்டும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். போன ஆட்டத்தில் என்ன நடந்தது என்று மெசின் கேட்காது. செய்ய வேண்டியது அட்டையில் இருக்கிறது. இவ்வளவு நாளும் அதுதான் அவரைக் கதைக்க வைத்துக்கொண்டிருந்தது. விளையாடுகிற ஒரு மணித்தியாலம் அவர் பழைய மனிசன். மிச்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது. விளையாடும்போது அவர் என்னைப் பாமா என்றுதான் கூப்பிடுகிறார். "பாமா, கையைக் காட்டாதை. பாமா, பொறு." சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். அந்தச் சிரிப்பை எனக்கென்று அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. கலியாணம் முடித்த வருசத்திலும் இல்லை. கரம்பொன்னிலிருந்து வந்து உங்கள் வீட்டில் குசினி வாசலில் நின்று, நீங்கள் இரண்டு பேரும் விளையாடுவதைப் பார்த்தவள் நான். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டீர்கள். என்னைப் பார்த்துப் பொறாமை என்று நீங்கள் எழுதினபோது எனக்குச் சிரிப்பு வந்தது மச்சாள், நல்ல சிரிப்பில்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஜாக் வந்தால் அவர் இடது காதைப் பிடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஏதோ செய்ய வேண்டும் போல. என்ன என்று தெரியவில்லை. "ஏன் சொல்லுறாய் இல்லை?" என்று ரப்லெற்றைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். முன்பு எப்போதாவது, இப்போது தினமும். பிறகு அன்றைக்கு முழுவதும் வாய் திறக்க மாட்டார். அவர் எதைக் கேட்கிறார்? தெரிந்தால் சொல்லுங்கோ.

மச்சாள்
சறோ


வேலணை கிழக்கு
24.06.2024

அன்பின் மச்சாளுக்கு,

நானும் இவரும் சுகம். உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அண்ணைக்காக நயினாதீவுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். குறிகட்டுவானில் சனம் நிரம்பி வழிந்தது, மூன்றாவது படகில்தான் இடம் கிடைத்தது. விபூதி இதோடு வைத்திருக்கிறேன், பூசிவிடுங்கோ. இம்முறை வேம்பு நன்றாகப் பூத்தது, வடகம் போட்டிருக்கிறேன். ஆராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன். சாட்டிக் கடற்கரைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வான்களில் வந்து குளிக்கிறார்கள், ரோட்டில் நடக்க ஏலாது. இவர் புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறார்.

காதைப் பிடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. குளிருக்குக் காதில் சொறி ஏதும் இருக்கலாம், டொக்ரரிடம் காட்டுங்கோ.

மற்றது, அவர் பாமா என்று கூப்பிடும்போது குரல் எப்படி இருக்கும்? பழைய மாதிரி இழுத்துத்தானோ?

பாமா


ஸ்காபரோ
19.08.2024

மச்சாளுக்கு,

விபூதி கிடைத்தது, பூசினேன். காதைக் காட்டினேன், சொறி இல்லை என்றார்கள்.

அவர் இப்போது விளையாடுவதில்லை. ஐந்து கிழமையாகிறது. ரப்லெற்றைக் கையில் கொடுத்தால் கவிழ்த்து வைத்துவிடுகிறார். அட்டையை எங்கேயோ ஒளித்துவிட்டார். பேச்சு குறைந்து, இப்போது இல்லை என்றே சொல்லலாம். சாப்பாட்டையும் ஊட்டத்தான் வேண்டியிருக்கிறது. போன கிழமை, ஏன் விளையாடுறியள் இல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் ஒரு வசனம் சொன்னார்.

"பாமா கோவிச்சுக்கொண்டு போயிட்டாள்."

வேறொன்றும் எழுத இல்லை. நீங்கள் சுகமாக இருங்கோ.

சறோ


வேலணை கிழக்கு
05.09.2024

அன்பின் மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. 

நான் பொய் சொன்னேன். காதைப் பிடித்தால் என்ன என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். போன தரம் உண்மையை ஒரு தாளில் எழுதி, கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் வேம்பையும் சைக்கிளையும் பற்றி எழுதினேன். அவர் பாமா என்று கூப்பிடுகிறார் என்று வாசித்தவுடன் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை மச்சாள், சந்தோசம். அண்ணை எல்லாவற்றையும் மறந்தாலும் என்னை மறக்கவில்லை, பக்கத்தில் இருக்கிற உங்களை மறந்துவிட்டார் என்று சந்தோசம். அந்தச் சந்தோசத்தை உங்களோடு பங்குபோட ஏலாமல் இருந்தது. என் பங்கைத் தாருங்கோ என்று உங்களைக் கேட்டவளும் நான்தான்.

இனிக் கேளுங்கோ. நானும் அண்ணையும் விளையாடினது கள்ள ஆட்டம். தொடக்கத்திலிருந்தே. ஊரில் ஒருவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. கதிர்காமு மாமா எங்களுக்கு அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனார்.

இடது காதைப் பிடித்தால், "என்னட்டை ஜாக் இருக்கு, அதே இனத்தில் ஒன்பது உன்னட்டை இருக்கோ?" என்று கேட்கிறார். இருக்கு என்றால் வலது கை வளையலை மேலே ஒரு தரம் தள்ள வேண்டும். இல்லை என்றால் மூக்கைத் துடைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் சும்மா இருந்தால், நான் அவரோடு கோபம், இந்த ஆட்டத்தில் உதவ மாட்டேன் என்று அர்த்தம். சின்ன வயதில் சண்டை பிடித்தால் அப்படித்தான் பழிவாங்குவேன். நீங்கள் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்து அவருக்குச் சொன்னது அதுதான். அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. இத்தனை கிழமையாக அவரை அப்படி இருக்க வைத்தது நான்.

அவர் காதைப் பிடித்தால், எப்போதும் இருக்கு என்றே சொல்லுங்கோ. அட்டை கிடைத்தாலும் பூட்டி வையுங்கோ. அது சொல்வது சரிதான், விளையாடிப் பார்த்தவள் சொல்கிறேன். ஆனால் அவர் ஒன்பதை எறிய வேண்டாம். ஜாக்கையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு தோற்கட்டும். தோற்றது அடுத்த ஆட்டத்தில் நினைவிருக்காது.

வளையலைத் தள்ளும்போது அவரைப் பார்க்கக்கூடாது, சீட்டைப் பார்க்க வேண்டும். சத்தம் வரக்கூடாது. எனக்கு அது பழக ஒரு மாதம் பிடித்தது.

இதை எழுதிக் கொடுத்துவிட்டு நான் நல்லவள் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு முன்னால் இனி நீங்கள்தான் இருக்கப்போகிறீர்கள். அது இப்போதும் எனக்கு எரிகிறது.

பாமா


ஸ்காபரோ
17.10.2024

அன்பின் மச்சாளுக்கு,

சுகம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே இலை கொட்டத் தொடங்கிவிட்டது.

கடிதம் கிடைத்த அன்றே அலுமாரியைத் திறந்து கலியாண வளையல்கள் இரண்டையும் எடுத்தேன். கை பருத்துவிட்டது, சவர்க்காரம் போட்டுத்தான் ஏற்றினேன். குசினியில் நின்று ஒரு கிழமை பழகினேன். பிறகு ரப்லெற்றைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருக்காமல் எதிரே போய் இருந்தேன். மூன்று நாள் அவர் தொடவில்லை. நான்காம் நாள் தானாகவே கையை நீட்டினார்.

மூன்றாவது கையில் ஜாக் வந்தது, வேறு இனத்தில் ஒரு ஒன்பதும் வந்தது. இடது காதைப் பிடித்தார். நான் கீழே பார்த்துக்கொண்டு வளையலைத் தள்ளினேன்.  அவர் முகம் முழுக்கச் சிரித்து, ஜாக்கையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்தார். ஒன்றும் வரவில்லை. அவருக்கு அது பொருட்டில்லை. அடுத்த கைக்கும் காதைப் பிடித்தார், அதற்கடுத்த கைக்கும். அன்றைக்கு இரண்டு பிடி சோறு தானாக அள்ளிச் சாப்பிட்டார்.

இப்போது ஒவ்வொரு நாளும் விளையாடுகிறோம். ஆனால் எனக்கு உங்கள் கை வரவில்லை மச்சாள். நேற்று அவசரப்பட்டுத் தள்ளினேன், இரண்டு வளையலும் மோதிச் சத்தம் கேட்டுவிட்டது. அவர் பயந்துபோய்த் திரும்பி எங்கள் குசினி வாசலைப் பார்த்தார். பிறகு மேசைக்கு மேலாகக் குனிந்து, மெல்லிய குரலில் எனக்குச் சொன்னார்.

"மெல்லத் தள்ளு பாமா. சறோ பாக்கிறாள்."

என் பேரை அவர் வாயால் கேட்டு ஒரு வருசத்துக்கு மேல் மச்சாள்.

சறோ